பொருளின் அளவு விரலுக்கு எப்படித் தெரிகிறது? வாசகர் கேள்விகள்

கே: பல் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டார். உதடு வீங்கிவிட்டதாக உணர்ந்தேன். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஏன்?

ப: உதட்டிலிருந்து வரும் செய்தி நின்றதும், மூளையில் உள்ள உடல் வரைபடம் கலைகிறது. அதில் உதடு பெரிதாகிவிடுகிறது. கட்டைவிரலை மரக்கவைத்தாலும் இதேதான். மருந்தின் வேகம் தணிந்தால் சரியாகும். அதுவரை உதட்டைக் கடித்துக்கொள்ளாதீர்கள்.

கே: காம்பஸின் இரு முனைகளை உள்ளங்கையில் வைத்தால் அகலமாகவும் முன்கையில் வைத்தால் நெருக்கமாகவும் தெரிகிறது. எது சரி?

ப: கண்ணை மூடிக்கொண்டு செய்தீர்களா என்று எழுதவில்லை. கண் திறந்திருந்தால் கை சொல்வதைக் கண் அடக்கிவிடும். அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. நீங்கள் சொல்வது ஜெர்மன் உடலியலாளர் வேபர் 1834-ல் எழுதியது. விரல்நுனி 2, 3 மி.மீ. இடைவெளியைக்கூடப் பிரித்தறியும், முன்கைக்கு ஏறக்குறைய 4 செ.மீ. வேண்டும். உணரிகள் நெருக்கமாக உள்ள இடத்தில் அதே தூரம் அகலமாகப் படும். இரு முனைகளும் ஒரே கணத்தில் தொட வேண்டும், மறக்காதீர்கள்.

கே: தொடு உணர்வு தோலில் இருக்கிறது என்று படித்தோம். தடித்த கையுறை போட்டாலும் பந்தின் அளவு தெரிகிறதே?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பள்ளிப் பாடத்தில் புலன்களை ஐந்தோடு முடித்துவிடுகிறார்கள்; தொடுதல் என்றதும் தோலின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று. கைகால்கள் எங்கே, எப்படி மடங்கியிருக்கின்றன என்று சொல்லும் உடல்நிலை உணர்வுக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை. மருத்துவம் படிக்க வருகிறவர்களிடமும் முதல் நாள் இதைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வருத்தமாக இருக்கிறது.

மேசைப்பந்து ஒன்று, டென்னிஸ் பந்து ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. தோலில் படும் இடம் இரண்டிலும் ஒரு சின்னப் புள்ளிதான். மாறுவது விரல்களின் இடைவெளி. அதை யார் சொல்கிறார்கள்? இடது கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலது விரல்களை மடக்கி நீட்டுங்கள். உள்ளே ஏதோ நெளிகிறதல்லவா? விரலை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்குள் உள்ள நீட்சி உணரிகள் விரல் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று சொல்கின்றன. பந்தின் அளவை ஒரு பங்கு முன்கையில்தான் உணர்கிறீர்கள்!

மூட்டுகள்தான் இதைச் சொல்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். 1972-ல் குட்வின், மெக்ளாஸ்கி, மேத்யூஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் தசைநாணை (தசையை எலும்போடு இணைக்கும் நாரை) அதிரவைத்தபோது, அசையாத கை அசைவதாகத் தோன்றியது. மூட்டு அசையவே இல்லை, தசை நீள்வதாக அதன் உணரிகள்தான் சொல்லிவிட்டன. 1988-ல் லாக்னர் என்ற ஆய்வாளர், மூக்கைப் பிடித்திருந்தவர்களின் கைத்தசையை அதிரவைத்தார். மூக்கே நீள்வதாகச் சிலர் உணர்ந்தார்கள். கை தள்ளிப் போகிறது, மூக்கு விரலைவிட்டு விலகவில்லை, ஆகவே மூக்கு வளர்கிறது! மூளை அளவு பார்க்கும் முறையே இதுதான்.

தோல் சும்மா இருக்கிறது என்றும் நினைத்துவிடாதீர்கள். பஞ்சுப் பந்தை அமுக்கினால் விரல்கள் நெருங்குகின்றன, பந்து சின்னதாகிவிட்டது என்று யாருக்கும் படுவதில்லை. அழுத்தம் எவ்வளவு என்று தோல் சொல்வதையும் சேர்த்துத்தான் மூளை கணக்குப் போடுகிறது.

கே: கையால் தொட்டால் பொருள் தெரியவில்லை. தீர்வு சொல்லவும்.

ப: எந்தக் கை? எத்தனை நாளாக? மரத்துப்போகிறதா, இல்லையா? ஒன்றுமே எழுதாமல் தீர்வு கேட்டால் நான் என்ன சொல்வது? திடீரென ஒரு பக்கம் மட்டும் வந்திருந்தால், வாய் கோணலோ பேச்சுக் குழறலோ கூட இருந்தால், கடிதம் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மெதுவாக வந்த மரப்பு என்றால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள். தொடுவது நன்றாகத் தெரிந்தும் கையில் இருப்பது சாவியா நாணயமா என்று சொல்ல முடியாவிட்டால், மூளையில் தொடு செய்திகளைச் சேர்த்துப் பார்க்கும் பக்கமடலைப் பார்க்க வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

கே: எடை ஒன்றேயான இரு டப்பாக்களில் சின்னதுதான் கனக்கிறது. தராசிலும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

ப: எல்லோருக்கும் அப்படித்தான். 1891-ல் பிரெஞ்சு மருத்துவர் சார்ப்பான்டியே எழுதியது. பெரியது கனக்கும் என்ற எதிர்பார்ப்பு ஏமாறுவதால் என்பார்கள். அது மட்டும் போதாது. சில தடவை தூக்கியதும் விரல்கள் சரியான விசைக்குப் பழகிவிடுகின்றன, உணர்வு மட்டும் மாறுவதில்லை.

கே: ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு கோலிக்குண்டை உருட்டினால் இரண்டாகத் தெரிகிறதே?

ப: அரிஸ்டாட்டில் காலத்து மயக்கம். விரல்கள் இடம் மாறியதை மூளை கணக்கில் சேர்க்கவில்லை. இயல்பான நிலையில் அந்த இரு விரல்களின் வெளிப்பக்கங்களையும் ஒரே குண்டு தொட முடியாது, ஆகவே இரண்டு என்கிறது. கண்ணை மூடிக்கொண்டுதானே உருட்டினீர்கள்?