ரத்தம் கொடுத்த தம்பிக்கு இரண்டு ரிப்போர்ட்

கேள்வி: என் தம்பி போன மாதம் ரத்த தானம் செய்தான். ரத்த வங்கியில் கூப்பிட்டு 'ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்' என்றார்கள். பயந்துபோய் ஒரு தனியார் லேபில் பிசிஆர் எடுத்தோம். 'வைரஸ் இல்லை' என்று வந்திருக்கிறது. எதை நம்புவது? அவனுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம்.
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். ரத்த வங்கி பார்த்தது ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம். வைரஸ் போன பிறகும் அது பல வருடம் ரத்தத்தில் தங்கும். பிசிஆர் தேடுவது வைரஸின் ஆர்என்ஏவை, அதாவது அதன் மரபுப் பொருளை. ஈரலைத் தாக்கும் இந்த சி வைரஸ் தொற்றியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்கு, ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே அது நீங்கிவிடுகிறது. தம்பி அவர்களில் ஒருவராக இருக்கலாம். ஆன்டிபாடி சோதனை தவறாகப் பாசிட்டிவ் காட்டுவதும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். லேபில் எந்த நிற மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள்? நான் லேபில் இருந்தபோது வெளியூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து பச்சை மூடிக் குழாயில் ஒரு மாதிரி வந்தது. அதில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் இருக்கும். பிசிஆர் வினையையே அது தடுத்துவிடும். சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கக் கூடவே போட்ட கன்ட்ரோலும் ஓடாததால்தான் பிடித்தோம். ஊதா மூடிக் குழாயில் மறுபடி வாங்கிப் போட்டபோது வைரஸ் நிறைய இருந்தது. அன்று 'இல்லை' என்று எழுதியிருந்தால் அந்த மனிதர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். ஈரல் மட்டும் கெட்டுக்கொண்டே இருந்திருக்கும். இன்றும் அதை நினைத்தால் பதறுகிறது. ரத்தத்தை எடுத்த சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, பிரித்துக் குளிரில் வைக்கவும் வேண்டும். வைத்தே இருந்தால் ஆர்என்ஏ சிதைந்துவிடும்.

அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு பிசிஆர் பார்த்துவிடுங்கள். 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் சிகிச்சையும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள்.

அப்படியே வைரஸ் இருந்தாலும் கலங்க வேண்டாம். 1989 வரை இதற்குப் பெயர்கூடக் கிடையாது, 'ஏயும் இல்லை, பியும் இல்லை' என்றுதான் எழுதினார்கள். இன்று பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணம். சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒரே வீட்டில் இருப்பதாலோ இது தொற்றாது. கல்யாணப் பேச்சை நிறுத்த வேண்டாம், பெண் வீட்டாரிடம் மறைக்கவும் வேண்டாம். தம்பி இனி ரத்தம் மட்டும் கொடுக்கக் கூடாது.