கடலடி எரிமலைத் தாதுவில் உள்ள கந்தகம் யாருடையது? ஐசோடோப்பு கேள்வி பதில்

நவீன்: சார், குரோக்கோ தாதுவின் (ஜப்பானின் கடலடி எரிமலைத் தாது வகை) கந்தக ஐசோடோப்பை அளந்தால் தாது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாமா?

பதில்: கந்தகம் எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். செம்பும் துத்தநாகமும் எங்கிருந்து வந்தன என்பது அதில் தெரியாது. கந்தகம்-34, கந்தகம்-32 விகிதம் தரப்பொருளிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகுகிறது என்பதுதான் டெல்டா மதிப்பு. மேன்டில் (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கு) கந்தகம் 0-ஐ ஒட்டி இருக்கும். இன்றைய கடல் சல்ஃபேட் +21. ஜப்பானில் அகிதா மாகாணத்து ஹொக்குரோக்கு படுகையில் பேரைட் (பேரியம் சல்ஃபேட் கனிமம்) +22-ஐ ஒட்டியது, அது தாது படிந்த மயோசீன் காலக் கடலின் கந்தகம். சல்ஃபைடுகள் பெரும்பாலும் +5 முதல் +8 வரை, அதாவது மேன்டில் கந்தகமும் கடல் கந்தகமும் கலந்த கலவை.

கவிதா: +6 என்றால் 6-ஐ 21-ஆல் வகுத்து, கடலின் பங்கு 29% என்று எழுதலாமா?

பதில்: குறைந்தபட்சப் பங்கு என்று எழுதுங்கள். கடல்நீர் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே சல்ஃபேட்டின் பெரும்பகுதி அன்ஹைட்ரைட் என்ற கால்சியம் சல்ஃபேட் கனிமமாகப் பாறை இடுக்கில் படிந்துவிடும். எஞ்சியதைப் பாறையின் இரும்பு ஒடுக்குகிறது. ஒடுக்கம் பாதியில் நின்றால் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு +21-ஐ விட லேசாகவே (குறைந்த மதிப்பிலேயே) இருக்கும், அப்போது கடலின் உண்மைப் பங்கு 29%-ஐத் தாண்டும். 21-ஐ எல்லாக் காலத்துக்கும் போடவும் கூடாது: பெர்மியன் இறுதிக் கடலில் அது +11-ஐ ஒட்டியே இருந்தது.

ஷாஜகான்: எனக்கு மைனஸ் மதிப்பு வந்திருக்கிறது. பாக்டீரியாதானே?

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் மெருகேற்றிய துண்டை நுண்ணோக்கியில் பாருங்கள். ராஸ்பெர்ரி போன்ற உருண்டைப் பைரைட்டும் (இரும்பு சல்ஃபைடு), ஒரே துண்டுக்குள் தாறுமாறாக மாறும் மதிப்பும் இருந்தால் பாக்டீரியா. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் ஐபீரிய பைரைட் பட்டையில் இது உண்டு. அலுனைட் என்ற அலுமினிய சல்ஃபேட் கனிமமும் தனிக் கந்தகமும் கூட இருந்தால் மாக்மா வாயு. சல்ஃபர் டை ஆக்சைடு நீரோடு வினைபுரிந்து சல்ஃபியூரிக் அமிலமாகவும் ஹைட்ரஜன் சல்ஃபைடாகவும் பிரியும்போது லேசான ஐசோடோப்பு சல்ஃபைடு பக்கம் போகும். தென்மேற்குப் பசிபிக்கில் லாவ் படுகையின் ஹைன் ஹினா என்ற கடலடி வெந்நீர் ஊற்றுப் பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மீனா: ஸ்ஃபாலரைட் (துத்தநாக சல்ஃபைடு)–கலீனா (ஈய சல்ஃபைடு) ஜோடியின் டெல்டா வித்தியாசத்தை வைத்து, அவை படிந்த வெப்பநிலையைக் கணக்கிட்டேன். 310 டிகிரி வருகிறது, கனிமத்துக்குள் சிறைப்பட்ட திரவத் துளிகளோ (திரவ உள்ளடக்கங்கள்) 250 என்கின்றன. எங்கே தவறு?

பதில்: கலீனா தூளில் பேரைட் இருக்கிறதா பாருங்கள். இந்த ஜோடிக்குச் சூத்திரம்: வித்தியாசம் = 0.73 × 10 லட்சம் ÷ கெல்வின் வெப்பநிலையின் வர்க்கம். 250 டிகிரியில் 2.7 பெர்மில் (ஆயிரத்துக்கு 2.7) வர வேண்டும். கலீனாவிலும் பேரைட்டிலும் கந்தகம் எடையில் 13 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ஆகவே +4 கலீனாவில் +22 பேரைட் வெறும் 3% கலந்தாலே மதிப்பு 0.5 ஏறும், வித்தியாசம் 2.1 ஆகும், கணக்கு உங்கள் 310-ஐயே காட்டும். பைரைட்டில் கந்தகம் 53% என்பதால் அதே கலப்படம் அங்கே அவ்வளவாகத் தெரியாது.

மருந்து: குரோமியம்(2) குளோரைடு அமிலக் கரைசலில் கொதிக்க வையுங்கள். சல்ஃபைடு மட்டும் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியேறும், பேரைட் அடியில் தங்கும். வாயுவை வெள்ளி நைட்ரேட்டில் பிடித்து, சில்வர் சல்ஃபைடைக் கழுவி உலர்த்தி, வனேடியம் பென்டாக்சைடோடு தகரக் குப்பியில் எரியுங்கள். அளவீட்டுக்கு சர்வதேச அணுசக்தி முகமையின் (ஐ.ஏ.இ.ஏ.) தரப்பொருட்களான எஸ்-1 (−0.3), எஸ்-2 (+22.7), எஸ்-3 (−32.3) மூன்றையும் ஓட்டுங்கள்; ஒன்றை மட்டும் வைத்தால் அளவுகோல் சுருங்கியிருப்பது தெரியாது. இந்தச் சில்வர் சல்ஃபைடு முறை ஸ்ஃபாலரைட்டையும் கலீனாவையும் பிரித்துத் தராது, தூளுக்காகத் துளையிடும்போதே பிரித்தாக வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் வித்தியாசத்தில் 0.3 பிழை என்றால் ஏறக்குறைய 30 டிகிரி ஆடும். கலீனா பிறகு வந்து ஸ்ஃபாலரைட்டை அரித்திருந்தால் இந்தக் கணக்கையே விட்டுவிடுங்கள்.

நவீன்: சரி சார், உலோகத்தின் மூலத்துக்கு?

பதில்: ஈய ஐசோடோப்பு. கலீனாவில் யுரேனியம் ஏறக்குறைய இல்லை என்பதால் படிந்த நாளின் விகிதம் மாறுவதில்லை. அதை அடியிலுள்ள எரிமலைப் பாறையோடும் பழைய அடித்தளப் பாறையோடும் ஒப்பிடுங்கள். பாறை மதிப்பைத் தாது படிந்த வயதுக்குத் திருத்திவிட்டு ஒப்பிடுங்கள். பிளாஸ்மா கருவியில் அளந்தால் ஈயம்-204 மேல் பாதரசம்-204 ஏறி உட்காரும். பாதரசம்-202-ஐக் கூடவே அளந்து கழிக்காவிட்டால் 204-ஐ வகுக்கும் எண்ணாகக் கொண்ட எல்லா விகிதமும் கெடும்.

செல்வம்: கனடாவின் கிட் கிரீக் மாதிரி 270 கோடி ஆண்டுப் பழைய தாதுவுக்கும் இதே முறையா?

பதில்: அங்கே கந்தகம்-33-ஐயும் அளக்க வேண்டும். ஆக்ஸிஜன் இல்லாத அந்தக் காலக் காற்றில் புற ஊதா ஒளி விட்டுச்சென்ற தடம் 33-இல்தான் தெரியும். சல்ஃபர் டை ஆக்சைடாக அளந்தால் ஆக்ஸிஜன்-17 குறுக்கிடும். சில்வர் சல்ஃபைடை ஃப்ளூரின் ஏற்றி சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடாக்கி அளக்கும் ஆய்வகத்தைத் தேடுங்கள்.