அப்பா சாயங்காலமானால் தறிக்குக் கிளம்புகிறார்: குடியாத்தம் நண்பருக்கு

பொழுது சாய்ந்தால் அப்பா "தறிக்குப் போகணும்" என்று தெருவில் இறங்கிவிடுகிறார், டாக்டர் வயசுக் கோளாறு என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பதிலோடு விட்டுவிடாதீர்கள். முதலில் தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவற்றில் குறை இருந்தாலும் மறதி வரும், மருந்தில் சரியாகவும் வாய்ப்புண்டு. அப்புறம் வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையத்தில் காட்டுங்கள்.

அந்திநேரத் தவிப்பு மறதிநோயில் சகஜம். "தறியை எப்பவோ வித்தாச்சு" என்று வாதாடினால் கோபம்தான் ஏறும். என் அம்மா இப்படிக் கிளம்பும்போது, "நானும் வரேன், காபி குடிச்சுட்டுப் போலாம்" என்பேன். பாதி நாட்களில், டம்ளர் காலியாவதற்குள் கிளம்பியதையே மறந்துவிடுவார். இருட்டும் முன்பே விளக்கைப் போடுங்கள். சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிறவர் மறதி பற்றியும் நாலு கேள்வி கேட்டால் என்ன? கிராம சபையில் கேட்டேன், சிரித்தார்கள். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் பக்கமும் ஒன்று கொடுங்கள்.

முதியோர் உதவி எண் 14567. கட்டணம் கிடையாது.