கரிக்குஞ்சு யாருடையது?

அன்புள்ள ஐயா,

சென்ற ஞாயிறு காலை பெரும்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தபோது, சம்புப் புதரோரம் கரிக்கட்டை போல ஒரு குஞ்சு தனியாக உட்கார்ந்திருந்தது. தாயைக் காணவில்லை. எடுத்துப்போய் வளர்க்கலாம் என்றார் உடன் வந்த நண்பர். நான் தடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பறவைக் கையேட்டைப் புரட்டினால் அப்படி ஒரு பறவையே இல்லை. நான் செய்தது சரிதானா? அது எந்தப் பறவையின் குஞ்சு? தாயின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டால் வந்திருக்குமா?

மீனா, மேடவாக்கம்

அன்புள்ள மீனா,

தடுத்தது மிகச் சரி. காட்டுப் பறவையின் குஞ்சை வீட்டுக்கு எடுத்துச் செல்வதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் குஞ்சுக்கு உங்கள் நண்பரின் தயவு தேவைப்பட்டிருக்காது என்பதுதான் முக்கியம்.

நமக்குப் பழக்கமானவை காக்கையும் புறாவும். அவற்றின் குஞ்சுகள் கண் திறக்காமல், இறகில்லாமல் கூட்டுக்குள்ளேயே கிடக்கும். கூட்டுக்கு வெளியே ஒன்றைப் பார்த்தால் விழுந்துவிட்டது, அநாதை என்று மனம் பதறுகிறது. சதுப்புக் கோழிகளின் கணக்கு வேறு. அவை முட்டையிலிருந்து வரும்போதே உடல் முழுக்கக் கறுப்புத் தூவியோடு வருகின்றன, ஓரிரு நாளில் கூட்டைவிட்டு இறங்கிவிடுகின்றன. இரையை மட்டும் சில வாரங்களுக்குப் பெரியவை அலகிலிருந்து அலகுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆள் அரவம் கேட்டதும் பெரியது புதருக்குள் மறைந்து ‘க்ரக்’ என்று எச்சரிக்கும். குஞ்சு அசையாமல் உட்கார்ந்துவிடும். நீங்கள் நின்றுகொண்டிருந்ததால்தான் தாய் வரவில்லை.

என்ன குஞ்சு என்ற கேள்வி அத்தனை எளிதல்ல. நம் ஏரிகளில் தாழைக்கோழி, நீலத் தாழைக்கோழி, கானாங்கோழி, நாமக்கோழி எல்லாவற்றின் குஞ்சுகளும் கறுப்புத்தான். கையேடுகள் பெரும்பாலும் வளர்ந்த பறவையைத்தான் வரைகின்றன. தலையைப் பாருங்கள். அலகு சிவந்து நுனியில் மஞ்சள் இருந்தால் தாழைக்கோழி. தலை சிவந்து, கழுத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத் தூவி நீட்டிக்கொண்டிருந்தால் நாமக்கோழி. கறுப்புத் தூவியினூடே வெள்ளி இழைகள் தெரிந்தால் நீலத் தாழைக்கோழி. இப்படி எந்த அலங்காரமும் இல்லாமல் ஒரே கறுப்பு என்றால் கானாங்கோழியாக இருக்கலாம். கரையோரம், தனியாக, கரிக்கட்டை என்று நீங்கள் எழுதியதை வைத்து நான் கானாங்கோழி என்றே சொல்வேன். ஆனால் குஞ்சை மட்டும் வைத்துப் பந்தயம் கட்ட மாட்டேன். இரை கொடுக்க வருவது யார் என்று பார்த்தால் முடிந்தது விஷயம்.

நாமக்கோழியின் அந்த ஆரஞ்சுத் தூவி வெறும் ஒப்பனையல்ல. அமெரிக்க நாமக்கோழிகளிடம் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே கூட்டில் பாதிக் குஞ்சுகளுக்கு ஆரஞ்சு நுனிகளைக் கத்தரித்துவிட்டார்கள். பெற்றோர் நிறம் உள்ளவற்றுக்கே அதிகம் ஊட்டின. இந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. தாழைக்கோழிக் குடும்பம் இதைவிடப் பரவாயில்லை. முதல் ஈட்டில் பிறந்த அண்ணன் அக்காக்கள் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கு இரை கொண்டுவந்து கொடுப்பதுண்டு. மிதக்கும் இலைகள்மேல் நடக்கும் நீர்ப்பறவையான இலைக்கோழியில் முட்டையிட்டதோடு தாயின் வேலை சரி, அடைகாப்பதும் வளர்ப்பதும் தகப்பன்தான்.

அடுத்த முறை இப்படி ஒன்றைக் கண்டால் நல்ல தூரம் பின்வாங்கி, மரத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், அதை ஒட்டிய ரேடியல் சாலையின் இரைச்சலுக்கு நடுவிலும் குஞ்சுகள் மேய்கின்றன. வண்டிகள் தங்கள் போக்கில் போய்விடும் என்பது அவற்றுக்குத் தெரியும். தம்மை நோக்கி நடந்து வரும் மனிதன்தான் ஆபத்து. குஞ்சுக்குக் காயம் இருந்தால், அல்லது நாய் கவ்வி வந்திருந்தால், வனத்துறைக்குச் சொல்லுங்கள். தெருநாய்கள் சுற்றும் கரையில் உங்கள் பதற்றத்தை அவற்றை விரட்டுவதில் காட்டலாம், தப்பில்லை.

குரலை ஒலிக்கவிடுவது வேண்டவே வேண்டாம். வேறொரு பறவை எல்லைக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்துப் பெரியது சண்டைக்கு வரும், அந்த நேரம் குஞ்சு காவலின்றிக் கிடக்கும். நல்ல படம் கிடைக்கும் என்று இதைச் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அவர்கள்மீது மரியாதை இல்லை. உங்கள் நண்பர் அந்தக் குரல்களை வீட்டில் கேட்டுப் பழகிக்கொள்ளட்டும், கரைக்கு வரும்போது கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.