உத்திரம் அறுக்க எத்தனை அங்குல மெஷின்?

கேள்வி: வணக்கம் ஐயா. ஓட்டு வீடுகளைப் பிரித்துப் புதுக் கூரை போடும் வேலை எடுத்துச் செய்கிறேன். கைமரம் (ஓட்டைத் தாங்கும் சரிவுச் சட்டம்) பெரும்பாலும் 4க்கு 3 அங்குலம், உத்திரம் 6க்கு 4, தூண் 6க்கு 6. கையில் இருக்கும் 7 அங்குல வட்டரம்ப மெஷின் 3 அங்குலக் கைமரத்தையே ஒரே வெட்டில் முடிப்பதில்லை. பேசாமல் 16 அங்குல மெஷின் வாங்கிவிடலாமா?
– வாசகர், பாகூர்

பதில்: வேண்டாம். உங்கள் வேலைக்கு 9 அங்குல மெஷின், அதாவது 235 மி.மீ. பிளேடு போடும் 2000 வாட் ரகம் போதும்.

கடையில் பிளேடின் விட்டத்தைத்தான் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வெட்டும் ஆழம். பிளேடில் பாதிகூட மரத்துக்குள் இறங்காது. நடுத்தண்டும் கியர்ப்பெட்டியும் அதற்குமேல் இறங்க விடாது. 7 அங்குல மெஷினில் 65 மி.மீ. அளவுக்குத்தான் ஆழம் கிடைக்கும். 3 அங்குலம் என்பது 76 மி.மீ. உங்கள் கைமரம் அறாமல் நிற்பது இதனால்தான். 235 மி.மீ. பிளேடு 85 மி.மீ. வரை இறங்கும். 45 டிகிரி சாய்த்தால் அதுவும் 65க்கு வந்துவிடும். ஆனால் கைமரத்தின் தலைவெட்டுக்கு மெஷினைச் சாய்க்கத் தேவையில்லை. சரிவை மரத்தின் பக்கவாட்டில் கோடு போட்டு, பிளேடை நேராக வைத்தே அறுக்கலாம். நாலு பக்கமும் சரியும் கூரையில், மூலைக் கைமரத்தோடு வந்து சேரும் குட்டைக் கைமரங்கள் போன்றவற்றுக்குத்தான் சாய்வு வேண்டும்.

6க்கு 4 உத்திரத்தையும் 6க்கு 6 தூணையும் இரண்டு பக்கத்திலிருந்து அறுங்கள். 85ம் 85ம் 170. தூண் 152 மி.மீ.தான். இதில் வேலை கெடுவது கோடு போடும் இடத்தில். தூணில் நேராக இழைத்த ஒரு முகத்தையும் அதை ஒட்டிய ஓரத்தையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மூலமட்டத்தின் (செங்கோணம் பார்க்கும் L வடிவக் கருவி) கட்டையை அந்த இரண்டில் மட்டுமே அணைத்து நாலு பக்கமும் கோடு இழுங்கள். கடைசி மூலையில் கோடுகள் சந்திக்காவிட்டால் மரம் முறுக்கியிருக்கிறது என்று பொருள். முதலில் அதை இழைத்து நேராக்குங்கள். பிளேடு அரை டிகிரி சாய்ந்திருந்தால் 85 மி.மீ. ஆழத்தில் முக்கால் மி.மீ. பிசகும். இரண்டு பக்கமிருந்தும் அதே பிசகு வரும்போது தூணின் அடியில் நடுவே மேடோ பள்ளமோ விழும். பள்ளம் பரவாயில்லை. மேடு விழுந்தால் தூண் அந்த மேட்டின் மேல் ஆடும். இதைச் சோதிக்க ஒரு துண்டை அறுத்து, ஒரு பாதியைப் புரட்டி, வெட்டுமுகத்தோடு வெட்டுமுகம் ஒட்டிப் பாருங்கள். தெரியும் சந்து பிசகின் இரண்டு மடங்கு.

8க்கு 8 உத்திரம் வந்தால் நாலு பக்கமும் அறுங்கள். நடுவில் 33 மி.மீ. சதுரம் மிஞ்சும், அதைக் கைரம்பத்தால் முடித்துவிடலாம். கழுந்துக்கும் (துளையில் செருகச் செதுக்கும் மர முனை) பெரிய மெஷின் வேண்டாம். 6 அங்குல மரத்தில் 2 அங்குலக் கழுந்து எடுக்க, இரு பக்கமும் 2 அங்குல ஆழம்தான் இறங்க வேண்டும். அரை அங்குல இடைவெளியில் வரிசையாக வெட்டு போட்டு, உளியால் தட்டி எடுத்து, செதுக்கிச் சமன் செய்யுங்கள். நீளவாக்கில் பிளப்பதை மர வாடியிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

மக்கிட்டாவின் 5402 ரகம் 16 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட பிளேடு போடுவது. ஒரே வெட்டில் 6¼ அங்குலம் இறங்கும். எடை 14 கிலோவுக்கு மேல். ஜெர்மனியின் மாஃபெல் நிறுவனமும் தச்சர்களுக்கென்றே இப்படிப் பெரிய மெஷின்கள் செய்கிறது. பட்டறையில் மரத்தைக் கிடத்தி நாள் முழுக்கத் தூண் அறுப்பவருக்கு இவை நல்ல கருவிகள். சாரத்தின் மேல் நின்றபடி 14 கிலோவைக் கோட்டில் பிடிக்கவே முடியாது.

கரண்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். 2000 வாட் மெஷின் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு. 6 ஆம்பியர் பிளக்கில் செருகாதீர்கள்; 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். 30 மீட்டர் ஒயருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு. சுருட்டி வைத்தபடி ஓட்டினால் ஒயர் சூடேறி உருகும். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி, மெஷின் திணறி, மோட்டாரின் ஆர்மேச்சர் (சுழலும் கம்பிச்சுருள்) கருகும்.

கேள்வி: இடித்த மெத்தை வீட்டின் தேக்கு உத்திரங்களை வாங்கி வந்து அறுக்கிறேன். புது பிளேடு ஒரே நாளில் மழுங்கிவிடுகிறது. சில சமயம் மெஷின் பின்னால் உதைக்கிறது.
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மெத்தை வீட்டில் உத்திரத்தின் மேல்தான் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அந்தச் சாந்தின் மணல் மேல்முகத்தில் இன்னும் ஒட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முடிந்தால் ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) செதுக்கிவிட்டு அறுங்கள். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். தேக்குக்குள்ளேயே சிலிக்கா இருப்பதால் சாதா எஃகுப் பல் நிற்காது. கார்பைடு முனை வேண்டும். குறுக்கே அறுக்க 40 பல், நீளவாக்கில் 24.

உதைப்பது மரம் பிளேடைக் கவ்வுவதால். இரு முனையிலும் கட்டை கொடுத்து நடுவில் அறுத்தால் மரம் தொய்ந்து வெட்டின் மேல்வாய் மூடிக்கொள்ளும். கட்டைகளைக் கோட்டுக்கு ஒரு பக்கமாக வையுங்கள். அறுபடும் துண்டு வெளியே நிற்கட்டும். துண்டு கனமாக இருந்தால் கடைசி அரை அங்குலத்தைக் கைரம்பத்துக்கு விடுங்கள், இல்லாவிட்டால் சிராய் கிழித்துக்கொண்டு விழும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். அதற்கும் பல் முனைக்கும் நடுவே 5 மி.மீ.க்கு மேல் சந்து கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் ஆசாரி 4 அங்குல கிரைண்டரில் மர பிளேடு மாட்டி அறுக்கிறார். கேட்டால் பழகிவிட்டது என்கிறார். சொல்லித் தடுக்கலாமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: தயவுசெய்து இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்வது. மரத்தில் படிய அடித்தட்டு இல்லை, தானாக மூடும் காப்பும் இல்லை. பல் கவ்வினால் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு உடம்பை நோக்கித்தான் வரும்.

பெரிய மெஷினிலும் பிளேடை மறைக்கும் கீழ்மூடியைக் கம்பியால் தூக்கிக் கட்டி வைக்கிறார்கள். பனங்கை (பனைமரச் சட்டம்) அறுத்த நாரும் பலாப் பிசினும் சேர்ந்து மூடி இறுகிப்போவதுதான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் மூடியின் சுழலும் இடத்தைத் தேயுங்கள். விரலால் மேலே தள்ளி விட்டால் சட்டென்று மூடவேண்டும். மூடாவிட்டால் ஸ்பிரிங்கை மாற்றும்வரை மெஷினை எடுக்காதீர்கள்.