ஏழு ஆண்டு உழைப்புக்கு யார் சாட்சி?

கேள்வி: நைஜீரியாவின் அனம்ப்ரா மாநிலத்தில் இருக்கிறோம். 17 வயது மகனை, லாகோஸ் அலாபா சந்தையில் மின்னணுப் பொருள் விற்கும் நம் இக்போ இனத்து வியாபாரி ஒருவரிடம் 7 ஆண்டு தொழில் பழக அனுப்பச் சொல்கிறார்கள். முடிவில் தனிக்கடை வைத்துக் கொடுப்பாராம். வாய்ச்சொல்லை நம்பலாமா?

பதில்: அனுப்புங்கள், வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். 1970இல் பயாஃப்ரா பிரிவினைப் போர் முடிந்து, வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் கைக்கு 20 பவுண்டுதான் என்றானபோது, இக்போ மக்களைத் தூக்கி நிறுத்தியதில் இந்த முறைக்குப் பெரும்பங்கு உண்டு.

உங்களை அழைப்பவர் யார்? ஊரூராகப் பையன்களைத் திரட்டி ‘சேர்ப்புக் கட்டணம்’ கேட்கும் ஆளாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடை வைத்துத் தரும் ஏற்பாட்டில் பையனின் உழைப்புதான் கட்டணம். தையல், மோட்டார் பழுது, அபா ஊரின் செருப்புத் தொழில் போன்ற கைத்தொழில்கள் வேறு: அங்கே கட்டணம் உண்டு, காலம் குறைவு, முடிவில் கிடைப்பது தொழிலறிவு, கடை வைக்க முதலீடு கிடைக்காது. இரண்டையும் குழப்பி, கட்டணத்தையும் வாங்கி, ஆண்டுக்கணக்கில் வேலையும் வாங்கி, ‘தொழில் கற்றுக்கொடுத்தேனே’ என்று கைவிரிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டில் எது என்பதை இரு குடும்பத்துப் பெரியவர்கள் முன் சொல்ல வையுங்கள்.

நான் மிகவும் அஞ்சுவது கடைசி ஆண்டை. கடை வைத்துத் தரும் நேரம் நெருங்கியதும் ‘திருடிவிட்டான்’ என்று துரத்துவது பழைய தந்திரம். மகன் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் அன்றைய விற்பனையையும், கடை அடைத்ததும் முதலாளியிடம் கொடுத்த தொகையையும் எழுதட்டும். மாதந்தோறும் அதில் முதலாளியின் கையெழுத்து வேண்டும்.

நைராவில் தொகை பேசாதீர்கள். 2023 ஜூன் தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 460 நைரா. அடுத்த ஆண்டே 1,400ஐத் தாண்டியது. ஏழு ஆண்டு கழித்து அந்தத் தொகைக்கு என்ன வாங்க முடியும்? இத்தனை மாதக் கடை வாடகை, இன்ன சரக்கு இவ்வளவு என்று எழுதுங்கள்.

தொழில் பழகும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், தொழிலாளர் அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்று நைஜீரியச் சட்டமே சொல்கிறது. ஆனால் சந்தைக்குள் வந்து அதை எடுத்துச் சொல்ல ஓர் அதிகாரிக்கும் கால் வரவில்லை. பையன்கள் தெருவுக்கு வந்தபின் சட்டம் பேசி என்ன பயன்? நீங்களே ஒப்பந்தத்தை அதிகாரியிடம் கொண்டுபோங்கள். ஊர்ச் சங்கத்தார் இருவரையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முதலாளி கையெழுத்துக்கு மறுத்தால் வேறு முதலாளியைப் பாருங்கள்.