மிலாறு யாருக்கு? – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கம். அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது செடியை வெட்டித் தாழ்த்துகிறவர். அப்படி வெட்டி விழும் குச்சிகள்தான் மிலாறு. எங்களுக்கு அடுத்த மலையில் ஒரு நிலைபேறான விவசாய ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இருக்கிறது. ஒரு தகரக் கொட்டகையில் தொடங்கியது. இப்போது விடுதி, ஆய்வுகூடம், வகுப்பறை என்று வளர்ந்துவிட்டது. வெளிநாட்டு மாணவர்களும் வருகிறார்கள். நானும் இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். நன்றாகத்தான் சொல்லித்தந்தார்கள். ஆனால் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) பின்னால் பத்தடிப் பாத்தி வைத்திருக்கும் எங்களுக்கு இந்த வளர்ச்சியால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. இருக்கட்டும்.

மலையகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் புதிதல்ல. தலவாக்கலையில் இருக்கிற தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. என் அம்மா கொழுந்தெடுத்த மலையில் பாதி ‘2025’. சின்ன வயதில் அதை ஏதோ வரப்போகிற வருடம் என்று நினைத்திருந்தேன். அந்த நிலையம் தெரிவுசெய்து கொடுத்த செடியின் இலக்கம் அது என்று அம்மாவுக்கும் யாரும் சொல்லவில்லை.

பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுபடி நடுவதற்கு முன் ஒன்றரை, இரண்டு வருடம் மானாப் புல் வளர்த்து, வெட்டி வெட்டி அங்கேயே பரப்புவார்கள். காலங்காலமாக ஒரே பயிரைச் சுமந்து இறுகிய மண்ணுக்கு வேரும் மக்கும் திரும்பக் கிடைக்கத்தான். அம்மா கையெல்லாம் கீறல். “எதுக்கும்மா புல்ல நட்டு புல்லயே வெட்டுறீங்க?” என்றால், “தொரை சொன்னாரு” என்பாள். நல்ல அறிவுதான். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு வந்துசேர்வதற்குள் கட்டளையாகிவிட்டது.

2021இலும் இதுவே பெரிய அளவில் நடந்தது. நாடு முழுவதும் சேதன (இயற்கை உர) விவசாயத்துக்கு மாறவேண்டும் என்று மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தது, நவம்பரில் தடையை நீக்கியது. அந்த வருடம் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிக்கு இறங்கியது. (உரம் மட்டுமே காரணமில்லை. 2022இல் டீசலும் இல்லை, கரண்டும் இல்லை.) சேதன விவசாயம் தோற்றுவிட்டது என்றார்கள். ஒரு போகமாவது கற்றுக்கொடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

பதுளை மாவட்டத்தில் மிரஹவத்தைப் பக்கம் பெலிப்பொலவில், 1980களில் சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க வளம் கெட்ட ஒரு சரிவில், காட்டின் அடுக்குகளைப் பார்த்து அதே அமைப்பில் பயன்தரும் மரங்களை நட்டு வளர்க்கத் தொடங்கினார். அங்கே வளர்ச்சியை அளப்பதற்குக் கட்டடங்களை எண்ண வேண்டியதில்லை.

சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தேன். இரண்டு தடியைக் கூராகச் சேர்த்து, குறுக்கே ஒன்றைக் கட்டி, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டுக் கொடுத்தார்கள். கயிறு குறுக்குத்தடியின் நடு அடையாளத்தில் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அப்படியே அடியெடுத்து வைத்து, சரிவுக்குக் குறுக்கே கோடு போட்டு, அதில் மண்ணைப் பிடித்து நிறுத்தக் கிளிரிசிடியா மர வேலி நடவேண்டும். ஒரு கொழுந்துக்கார அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இது கான் வெட்டுற கணக்குதானே? ஆனா முழு மட்டமா விட்டா ஐப்பசி மழைக்கு தண்ணி தேங்கி ஒடச்சிரும்ல?” என்றார். கான் என்பது மழைத்தண்ணி வடியும் வாய்க்கால். தோட்டத்துக் கானுக்கு 120 அடிக்கு ஓரடி வாட்டம், அதாவது சரிவு, கொடுப்பது வழக்கம். எண் அவருக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். பயிற்சியாளர் தடுமாறினார். பிறகு அவரையே கூட்டிக்கொண்டு போய், ஒரு வரியை மட்டமாகவும் ஒரு வரியை வாட்டத்தோடும் போடச் சொன்னார். அந்த நிலையம் வளர்ந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உங்கள் அயலில் உள்ள நிலையம் உங்களுக்கு நிலம் தராது. அது வேறு இடத்தில் கேட்க வேண்டியது. ஆனால் உங்கள் அப்பாவிடம் அவர்களுக்குத் தேவையான ஒரு கேள்வி இருக்கிறது. கவ்வாத்து மிலாறை மலையிலேயே விட்டால் மண்ணுக்கு நல்லது என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள். சரி, அப்படியானால் லயத்து அடுப்பில் எதை எரிப்பது? கேஸ் விற்கிற விலையில்? கான் ஓரத்தில் விறகுக்கென்றே எந்த மரத்தை, எத்தனை அடிக்கு ஒன்றாக நட்டால் ஒரு வீட்டுக்குக் காணும்? இதை யாராவது ஆராய்ந்தால் நானும் போய் உட்கார்ந்து கேட்பேன்.

அடுத்த வகுப்புக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்